மரியாதைப் பன்மை

"இழுங்க மேடம், இழுங்க! அந்த மஞ்சள் வயர்தான். என் கை உள்ளே போகாது, உங்க கைதான் ஒல்லி."

விமானத்தின் தரையில் மல்லாந்து படுத்து, பதினான்காம் வரிசை ஜன்னலோர சீட்டின் அடியில் முழங்கை வரை கையை நுழைத்து, அருங்காட்சியகக் காப்பாளர் அந்த வயரை இழுத்தாள். வந்தது. அடம் பிடிக்காமல், சேற்றிலிருந்து புழு வருவதைப் போல வழவழவென்று வந்தது. அதன் மறுமுனை எதிலும் மாட்டியிருக்கவில்லை. கருகி, உருகி, எந்தக் காலத்திலோ செத்துப்போன முனை.

"இதுல கரெண்டே வரலியே கேப்டன்."

"அதான் மேடம் நானும் அப்போலேர்ந்து சொல்றேன். இப்ப இதுல வயரே கிடையாது. இனிமே இது சத்தம் போட்டா என் மீசையை எடுத்துடறேன்."

டிங்.

சீட்டின் கைப்பிடியில், பணிப்பெண்ணை அழைக்கும் சின்னஞ்சிறு பொத்தான் பால்நிறத்தில் எரிந்து, அணைந்தது.

எலக்ட்ரீஷியன் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிக்கவில்லை. கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்த விமானி நாற்காலியில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார் என்பதால் அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர். வாயை மூடவே மூடாத மனிதர். இப்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, "மெயின் போர்டுலயே கையை வைக்கறேன்" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை திறப்பு விழா.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் நின்றது முழு விமானம் அல்ல. இரண்டு முனையிலும் அறுத்தெடுத்த நடுத்துண்டு. பழைய இரும்புக் கிடங்கில் கிடந்ததை அவள்தான் தேடிப் பிடித்து, துரு நீக்கி, ஏறுவதற்குப் படி வைத்து நிறுத்தியிருந்தாள். எந்திரங்களைப் பற்றிய கண்காட்சி இல்லை இது. பறப்பது என்ற விஷயம் சாதாரண மனிதர்களின் வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் அவளுடைய விஷயம். சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். போட்டோ ஸ்டுடியோக்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட அட்டை விமானம், ஏறும்போது கொடுத்த மிட்டாயைத் தின்னாமல் பத்திரப்படுத்திய ஒருவரின் தகர டப்பா, வாந்திப் பைக்குப் பின்னால் கிறுக்கிய காதல் வரிகள், பணிப்பெண்களின் தொப்பிகள். எல்லாவற்றுக்கும் நடுவே அந்த விமானத் துண்டு. அதன் நுழைவாயிலில் பெரிய எழுத்தில் அவள் எழுதி வைத்த வாசகம்:

ஏறியவர் எல்லோரும் இறங்கினார்கள்.

அது வெறும் வாசகமில்லை. சக்கரம் இறங்காமல், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, புகை கக்கி நின்ற விமானம் அது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. பத்திரிகைகள் அட்டையில் போட்டுக் கொண்டாடின. அந்த அட்டைப்படம் இன்றைக்கும் பலர் வீட்டு அலமாரியில் இருக்கும். விமானத்திலிருந்து அவசரமாக இறங்கும் சறுக்கு மெத்தையின் கீழ்முனையில், தலை கலைந்து, சால்வைப் பொதியை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண்.

அந்தப் பெண் காப்பாளரின் அம்மா. பொதிக்குள் இருந்தது காப்பாளர்.

நாளை காலை அதே சீட்டில் அம்மா உட்கார வேண்டும். அவள் மடியில், அதே போன்ற சால்வையில், காப்பாளரின் ஏழு மாதப் பெண்குழந்தை. பழைய படத்தைப் புதிதாக எடுக்கப் போகிறார்கள். மற்ற சீட்டுகளில் எல்லாம் அந்தக் காலத்து உடுப்பு அணிந்த பொம்மைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அந்த ஒரு சீட்டில் மட்டும் ஆளில்லை. மடித்த சால்வை மட்டும்.

அம்மா இதுவரை வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

காப்பாளர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். முன்நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறந்ததிலிருந்தே அந்த இடத்தில் மட்டும் ஒரு கொத்து நரை. வகிட்டில் சுண்ணாம்பு சிந்தியதைப் போல.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மிக மெல்லிசாக.

பால் அடிப்பிடித்த வாசனை.

*

'போஸ்டர் அம்மா' மத்தியானமே வந்துவிட்டிருந்தார். ஒரு காலத்தில் விமானக் கம்பெனியின் விளம்பரப் போஸ்டரில் கைகூப்பிச் சிரித்தவர். அன்றைக்கு இந்த விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவரும் அவரே. பழைய அறிவிப்புகளை அவர் குரலிலேயே பதிவு செய்து முடித்தாயிற்று. கிளம்புவதற்கு முன் ஒரு முறை உள்ளே நடந்து பார்க்கிறேன் என்றார்.

அவரே கொடையாகக் கொடுத்த, கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் கிளிக்கரை எடுத்துக்கொண்டு, பொம்மைகளின் நடுவே நடந்தார். கிளிக், கிளிக், கிளிக். கடைசி வரிசையில் நின்று கையைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து.

"ஒண்ணு கூட வருதேம்மா."

"காலி சீட்டையும் சேர்த்து அழுத்தியிருப்பீங்கம்மா."

"யாரு, நானா? நல்லாயிருக்கு! சீட்டை எண்ணறவ எல்லாம் நேத்து வேலைக்குச் சேர்ந்தவ. நாங்க தலையைத்தான் எண்ணுவோம். தலை முடிஞ்சதும் மடி. மடி தனிக் கணக்கு."

"மடின்னா?"

"கைக்குழந்தைக்கு ஏது சீட்டு? அம்மா மடிதானே சீட்டு. அதனால 'தலை இத்தனை, மடி இத்தனை'ன்னு தனித்தனியா சொல்லணும். ஒரு மடிக்கு ஒண்ணுதான். ரெண்டு இருந்தா ஏத்தவே மாட்டாங்க. மேலேர்ந்து விழற ஆக்சிஜன் மாஸ்க் வரிசைக்கு இத்தனைன்னு கணக்காத்தானே இருக்கும்?" பேசிக்கொண்டே பதினான்காம் வரிசையின் முதுகில் கை வைத்தார். "அன்னிக்கு மடி ஒண்ணு. அது நீதான். கீழே புல்தரையில உங்கம்மாவையும் அந்தப் பொதியையும் பார்த்துட்டுத்தான் கடைசியா அழுத்தினேன். கணக்கு நேர்! எல்லாரும் கை தட்டினாங்க. உங்கம்மா மட்டும்தான் தட்டல. பாவம், கையில நீ இருந்தியே."

காப்பாளர் சிரித்தாள். போஸ்டர் அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் இத்தனை வருஷமா மனசை அரிக்குதுடி. தரை இறங்கற நேரம், இந்த வரிசையிலேர்ந்து மணி. விடாம. பெல்ட்டைப் போட்டுட்டு உட்கார்ந்தாச்சுன்னா ஆண்டவனே மணி அடிச்சாலும் நாங்க எழுந்திரிக்கக் கூடாது. அது சட்டம். சரி, உங்கம்மா பயந்துபோய் அடிக்கறான்னு விட்டுட்டேன். ஆனா…"

"ஆனா?"

"எல்லாரும் இறங்கிட்டாங்க. நான்தான் கடைசி. கதவுகிட்ட நிக்கறேன், பின்னாடி முழுக்கப் புகை. அப்ப ஒரு தடவை அடிச்சுது. ஒரே ஒரு தடவை. வயர் கருகிப் போய் அடிக்குதுன்னு…"

டிங்.

காப்பாளர் அந்த முகத்தை மறக்க மாட்டாள். போஸ்டர் அம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. உதடுகள் விரிந்தன. போஸ்டரில் இருந்த அதே சிரிப்பு, அதே பற்கள். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை, நீர். சிரித்த முகத்தோடு இரண்டடி முன்னால் வைத்தார். நின்றார். பிறகு கிளிக்கரைக் கையில் கொடுத்துவிட்டு, படிகளில் தடுமாறி இறங்கி, கைப்பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் கேப்டனும் மஞ்சள் வயரும் மீசையும்.

*

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கூடத்தின் உயரமான ஜன்னல்களில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த அவள் போன் அடித்தது. அம்மா.

"இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

இது இவர்கள் வீட்டு வழக்கம். அம்மா போனில் 'ஹலோ' சொல்ல மாட்டாள். 'இருக்கீங்களா?' என்பாள். 'இருக்கேம்மா' என்று பதில் வந்தால்தான் மற்ற பேச்சு. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாலும் அப்படித்தான். மகளை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. வாங்க, தூங்குங்க, எழுந்திரிங்க, பல் தேய்ச்சீங்களா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தபோது, தமிழ் வாத்தியார் வகுப்பை அதட்டி, "ஒருத்தியைப் பார்த்து 'நீங்க'ன்னா அது மரியாதைப் பன்மை. அவங்கம்மா இலக்கணம் தெரிஞ்சவங்க. உங்க வீட்டுல 'எருமை'ங்கறாங்களே, அது மட்டும் என்ன பன்மை?" என்று வாயை அடைத்தார். கணவன் இன்னும் கேலியை விடவில்லை. "மாப்பிள்ளை எனக்கே 'வாப்பா'. பேத்திக்கு 'வாடி'. உனக்கு மட்டும் 'வாங்க'. நீ என்ன, மாமியாருக்கு மாமியாரா?"

"நாளைக்கு வர்றியாம்மா, மாட்டியா? ஒரு பதில் சொல்லு. எல்லாருக்கும் சொல்லிட்டேன். பத்திரிகையிலேர்ந்து வர்றாங்க. நீ வரலேன்னா என் மானம் கப்பலேறிடும்."

"விமானத்தைக் காட்டறேன்னு சொல்லிட்டு ஏன் கப்பல் ஏத்தறீங்க?" அம்மா லேசாகச் சிரித்தாள். "பாப்பா எங்க? காலையிலேர்ந்து போன்ல சத்தமே காணோமே."

"அவர் கூட்டிட்டு வர்றார். வெளிச்சம் சரியா விழுதான்னு ஒரு தடவை அந்த சீட்டுல வெச்சுப் பார்த்துடலாம்னு…"

டிங்.

இவ்வளவு தூரத்தில், இத்தனை பெரிய கூடத்தின் மறுகோடியில், அது கேட்டிருக்கக் கூடாது. கேட்டது. தெளிவாக, காதோரத்தில்.

போனில் அம்மாவின் மூச்சு நின்றது.

"அது எந்த சீட்டு?"

"எது?"

"மணி. எந்த சீட்டுலேர்ந்து அடிக்குது?"

"உன் சீட்டும்மா. பதினாலு. வயரே இல்லம்மா அதுல, ஆனாலும்…"

"பாப்பாவை அதுக்குள்ள ஏத்தாதீங்க." அம்மாவின் குரல் அவள் இதுவரை கேட்டறியாத குரலாக இருந்தது. பல் இல்லாத கிழவியின் குரல் போல. "நான் வர்றேன். டாக்சி பிடிச்சு வர்றேன். நான் வர்ற வரைக்கும் பாப்பாவை அந்த சீட்டுல வைக்காதீங்க. கேக்குதா? யார் மடியிலயும்!"

போன் துண்டிக்கப்பட்டது.

கேப்டன் எதிரே நின்றிருந்தார். கையில் மெயின் போர்டின் சாவி.

"விமானத்துக்குப் போற லைன் மொத்தத்தையும் அணைச்சுட்டேன் மேடம். இப்ப அடிக்கட்டும் பார்க்கலாம்."

"இப்பவும் அடிச்சுதே, கேக்கலியா உங்களுக்கு?"

"இல்லியே." அவர் விழித்தார். "சார் வந்துட்டாரே, பார்த்தீங்களா? பாப்பாவைத் தூக்கிட்டு அந்தப் பக்கமாப் போனாரே, விமானத்துப் பக்கம்."

போனை மேஜையிலேயே போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

*

படியில் ஏறும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. அடங்கிய, நெஞ்சடைத்த அழுகை. துணிக்குள்ளிருந்து வரும் அழுகை.

"என்னங்க? விளக்கு இல்லாம உள்ளே என்ன பண்றீங்க?"

அவள் உள்ளே நுழைந்தாள்.

உள்ளே இருட்டு. ஜன்னல் வட்டங்களுக்குப் பின்னால் அவள் பொருத்தியிருந்த செயற்கை வானம் அணைந்து கிடந்தது. கதவிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சம் இரண்டு வரிசை தாண்டியதும் களைத்துப்போய் நின்றுவிட்டது. பழைய பஞ்சின் நெடி, புதுப் பசையின் நெடி, அவற்றுக்கெல்லாம் மேலே, இப்போது மெல்லிசாக இல்லாமல், தொண்டையைப் பிடிக்கும் அளவுக்கு, பால் அடிப்பிடித்த வாசனை. யாரோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெகுநாளாக மறந்துபோனதைப் போல.

சீட்டுகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஒவ்வொரு முதுகுக்கும் மேலே ஒரு பொம்மைத் தலை இருக்க வேண்டும். அவளே வைத்த தலைகள். சாயம் பூசி, முடி ஒட்டி, நேராக நிமிர்த்தி வைத்தவை.

கையில் தலை தட்டுப்படவில்லை.

அடுத்த வரிசை. இல்லை.

அடுத்தது. இல்லை.

நின்று, குனிந்து, மெல்லத் தடவிப் பார்த்தாள். தோள் இருந்தது. முதுகு இருந்தது. பொம்மை வளைந்திருந்தது. முழங்காலில் நெற்றியைப் புதைத்து, பிடரியில் இரண்டு கைகளையும் கோத்திருந்தது. பக்கத்துப் பொம்மையும். எதிர்ப்பக்கமும். அத்தனையும். பாதுகாப்பு அட்டையில் படம் போட்டிருக்குமே, மோதப் போகிற நேரத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று. அப்படி.

டிங்.

பால்நிற வெளிச்சம். ஒரு நொடி.

குனிந்த முதுகுகள், வரிசை வரிசையாக. நடுவே அந்த ஒரு சீட்டு. அதில் சால்வை, மடித்தபடி இல்லை. உப்பியிருந்தது. அதன் மேல் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

இருட்டு.

"பாப்பா!"

பாய்ந்தாள். பெல்ட்டின் கொக்கியைத் தேடினாள். சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரமாய்ச் சுட்டது. விரல் பொசுங்கியது. விடவில்லை. இழுத்தாள். டக். கழன்றது. சால்வையோடு வாரி எடுத்தாள். கனம். அவள் குழந்தையின் அதே கனம். மார்பில் ஒட்டிக்கொண்டது. அழுகை சட்டென்று நின்றது.

பின்னால் ஏதோ அசைந்தது. துணி உரசும் சத்தம். ஒன்றல்ல, பல. நிமிர்கிறார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள்.

முழங்கால் இடித்தது. தோள் இடித்தது. கதவு. படி. வெளிச்சம்.

கூடத்துத் தரையில் வந்து விழாத குறையாக நின்றாள். மூச்சு வாங்கியது. மார்போடு பொதி. அதற்குள் சின்ன விரல்கள் அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தன. வந்துட்டோம்டா கண்ணு, வந்துட்டோம், வந்துட்டோம்.

"யாரைடி கொஞ்சற?"

கழிவறைப் பக்கமிருந்து கணவன் வந்துகொண்டிருந்தான். தோளில் துவாலை. கையில் பை. "பாப்பா துணியை நனைச்சுட்டா, மாத்தப் போயிருந்தேன். விமானத்துல விளக்கெல்லாம் ஏன் அணைஞ்சிருக்கு?"

அவன் தோளில், வாயில் கட்டைவிரலோடு, அவர்கள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சங்கிலியைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

"என்னது அது, பொம்மையா?" என்றான் கணவன். ஒரு அடி முன்னால் வைத்தவன், ஏனோ மேலே வராமல் நின்றான். தூங்கும் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டான்.

வாசல் கதவு திறந்தது. அம்மா.

செருப்பில்லாமல் வந்திருந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகனையும் பேத்தியையும் பார்க்கவில்லை. சால்வையை மட்டும் பார்த்தாள்.

"ஒரு மடிக்கு ஒண்ணுதான்னாங்க." கூடத்தில் வேறு சத்தமே இல்லாததால் அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. "உங்கப்பா விமானம் போற ஊர்ல, ஆஸ்பத்திரியில கிடக்கறார். ரெண்டு குழந்தைங்கறதே அவருக்குத் தெரியாது, நேர்ல காட்டணும்னு இருந்தேன். பெத்த ஊர்ல எனக்குன்னு யாரும் கிடையாது, யாரை நம்பி ஒண்ணை விட்டுட்டு வர்றது? ஒரே சால்வைக்குள்ள ரெண்டையும் சுத்தி, ஒண்ணுன்னு சொல்லி ஏறிட்டேன்."

"அம்மா…"

"குலுங்கின குலுங்கல்ல ஒண்ணு நழுவி சீட்டுக்கு அடியில போயிடுச்சு. மணி அடிச்சேன். அடிச்சேன், அடிச்சேன், யாரும் வரல. புகை. பின்னாலேர்ந்து தள்ளறாங்க. கையில இருந்ததோட சறுக்கி விழுந்துட்டேன். கீழே அந்தப் பொண்ணு எண்ணிட்டு, கணக்கு நேருன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் கைதட்டல்ல என் வாய் அடைச்சுப் போச்சு. அப்புறம் திறக்கவே இல்ல."

காப்பாளர் அப்போதுதான் குனிந்தாள்.

சால்வையின் மடிப்பு விலகியிருந்தது. புகை படிந்த சின்ன நெற்றி. கைக்குழந்தையின் நெற்றி. அதன் மேல், வகிட்டில் சுண்ணாம்பு சிந்தியதைப் போல, ஒரு கொத்து நரை.

"உங்களை நான் மரியாதைக்கா 'நீங்க'ன்னு கூப்பிட்டேன்?" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடும் அதே சாதாரணக் குரலில் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

காப்பாளர் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"இருக்கேம்மா" என்றது, சால்வைக்குள்ளிருந்து, அவளுடைய குரல்.